‘இன்டராக்‌ஷன்’ என்னும் சொல் மொழியிலும் இயற்பியலிலும் கணினியிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘இன்டராக்‌ஷன்’ என்பதன் அடிப்படைப் பொருள் என்ன?

இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஒன்றன்மேல் ஒன்று செயல்படுவதும், அச்செயலால் ஒவ்வொன்றும் மாறுவதும்தான் இச்சொல்லின் பொருள். ‘இடையே’ என்று பொருள்படும் இலத்தீன் முன்னொட்டும் ‘செயல்’ என்று பொருள்படும் பெயரும் சேர்ந்து அமைந்த இந்த ஆங்கிலச் சொல் 19ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தது. சுத்தியல் ஆணியை அடிக்கிறது என்று சொல்லும்போது வினை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவதாக மட்டுமே தோன்றுகிறது. ஆணியும் சுத்தியலைத் தடுத்து நிறுத்துகிறது, கை அதிர்வது அதனால்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது இன்டராக்‌ஷன் ஆகிறது. ஒரு நிகழ்வுக்கு இப்பெயர் பொருந்துமா என்ற ஐயம் எழும்போதெல்லாம் ‘இரு பக்கமும் மாறினவா?’ என்று கேட்டுப் பார்ப்பது நான் கையாளும் சோதனை. இயற்பியலில் இச்சோதனை கறாராக நிற்கும். பேச்சில் சற்று நெகிழும். கணினித் துறையில்தான் பல நேரங்களில் தோற்றுப்போகும்.

தமிழில் இதற்கு ஏன் இத்தனை சொற்கள் உள்ளன?

ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியபோது தனியாகச் சொல் செய்துகொண்டதே காரணம். தமிழ்நாட்டு அறிவியல் எழுத்தில் ‘இடைவினை’ என்ற சொல் பெரிதும் பழகியிருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் ‘இடைத்தாக்கம்’ என்கின்றன. கணினியைப் பற்றி எழுதுவோர் ‘ஊடாட்டம்’ என்பதை விரும்புகிறார்கள். மக்களிடையே நடப்பதைச் சொல்ல ‘உரையாடல்’, ‘கலந்துரையாடல்’, ‘பழகுதல்’ என்று இடத்துக்கேற்ற சொற்கள் முன்பே இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒரே சொல் இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதும், வகுப்பில் ஒரு மாணவர் கேள்வி கேட்பதும், திரையில் ஒரு பொத்தானை அழுத்துவதும் ஒரே வகை நிகழ்வுகள் அல்ல என்பதை நம் சொற்களே காட்டிக்கொடுப்பது நல்லதுதான். துகள்களுக்கும் மருந்துகளுக்கும் ‘இடைவினை’, மனிதருக்கும் கருவிக்கும் இடையே ‘ஊடாட்டம்’, மனிதருக்குள் ‘உரையாடல்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் குழப்பம் வராது. ‘துகள்கள் உரையாடுகின்றன’ என்று எழுதப்பட்டதைப் படித்திருக்கிறேன். கவிதையாக இருந்தால் விட்டுவிடலாம். பாடமாக இருந்தால் திருத்தத்தான் வேண்டும்.

‘ஊடாட்டம்’ என்பதற்கும் காதலரின் ‘ஊடல்’ என்பதற்கும் உறவு உண்டா?

இல்லை. ஊடலில் உள்ளது பிணங்குதல் என்ற பொருள்தரும் வினைச்சொல். ஊடாட்டத்தில் உள்ள ‘ஊடு’ என்பது ‘நடுவே, உள்ளே’ என்று பொருள்படும். ஊடகம், ஊடுருவல் ஆகிய சொற்களில் இருப்பதும் அதுவே. கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே ‘ஊடாடுதல்’ என்பது நடுவே திரிதல், பலரோடு கலந்து பழகுதல் என்ற பொருளில் வழங்கியது. ஆகவே இச்சொல் புதிதாகச் செய்யப்பட்டதன்று. பழைய சொல்லுக்குப் புதிய வேலை கிடைத்திருக்கிறது.

‘தொடர்பு’ என்றே எழுதினால் போதாதா?

போதாது. தொடர்பு என்பது இருந்துகொண்டிருப்பது. இடைவினை என்பது நிகழ்வது. ஒரே தெருவில் வாழும் இருவருக்கு இடையே தொடர்பு உண்டு. அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல் இருக்கலாம்.

இயற்பியலில் ‘விசை’ என்ற சொல் இருக்கும்போது ‘இடைவினை’ எதற்கு?

விசை என்றதும் தள்ளுவதும் இழுப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. இயற்கையில் நடப்பவை எல்லாவற்றையும் அந்த இரண்டுக்குள் அடக்க முடிவதில்லை. அணுக்கருவுக்கு வெளியே தனித்து விடப்பட்ட ஒரு நியூட்ரான் சராசரியாக ஏறத்தாழ 15 நிமிடங்களில் புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என மூன்றாகச் சிதைகிறது. இங்கே யாரும் யாரையும் தள்ளவில்லை, இழுக்கவில்லை; ஒரு துகள் தன் இனத்தையே விட்டு வேறாகிவிட்டது. இதைச் செய்வது வலுக்குறைந்த இடைவினை. இதை ‘விசை’ என்றழைத்தால் படிப்பவர் தேட வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ தேடுவார்.

அடிப்படை இடைவினைகள் நான்கு: ஈர்ப்பு, மின்காந்தம், வலுவானது, வலுக்குறைந்தது. அணுக்கருவுக்குள் வலுவான இடைவினையோடு ஒப்பிட்டால் மின்காந்தம் ஏறத்தாழ நூறு மடங்கு மெலிந்தது. ஈர்ப்போ ஒப்பீட்டுக்கே அகப்படாத அளவு மெலிந்தது: இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடையே உள்ள மின் விலக்கம், அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பைப் போல, 4 என்ற இலக்கத்துக்குப் பின் 42 சுழிகள் இட்டால் வரும் எண்ணின் அளவு மடங்கு பெரியது. இருந்தும் கோள்களையும் விண்மீன்களையும் ஆள்வது ஈர்ப்புதான். நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. நிறைக்கு அப்படி எதிர்நிறை இல்லை.

‘வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு’ என்பதில் எது முதலில் நடக்கிறது?

எதுவும் முதலில் நடப்பதில்லை. 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதியைத் தமிழில் சொல்லும்போது ‘எதிர்வினை’ என்ற சொல் ஒரு தவறான படத்தை மனத்தில் வரைந்துவிடுகிறது. ஒருவர் திட்டினார், மற்றவர் எதிர்வினை ஆற்றினார் என்று அன்றாடம் பேசுகிறோம் அல்லவா? அதில் முன்பின் உண்டு, காரணம் உண்டு, மற்றவர் வாளாவிருக்கும் வாய்ப்பும் உண்டு. மூன்றாம் விதியில் இவை ஒன்றும் இல்லை. பூமி நிலவை இழுக்கும் அளவுக்கே நிலவும் பூமியை இழுக்கிறது. இரண்டும் ஒரே இடைவினையின் இரு முனைகள். பூமியின் நிறை நிலவைப் போல 81 மடங்கு என்பதால் அது குறைவாக நகர்கிறதே தவிர, நகராமல் இல்லை. இரண்டும் சுற்றிவரும் பொது மையம் பூமியின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 4,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நிலவு பூமியைச் சுற்றுகிறது என்ற வாக்கியம் முழு உண்மையன்று என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

தொடாமலே இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பாதிப்பது எப்படி?

இக்கேள்வி நியூட்டனையே உறுத்தியது. இடையில் ஏதும் இல்லாமல் ஒரு பொருள் தொலைவில் உள்ள மற்றொன்றை இழுக்கும் என்பது அபத்தம் என்று 1693இல் இறையியல் அறிஞர் ரிச்சர்ட் பென்ட்லிக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டார். ஃபாரடே அந்த இடைவெளியைப் புலத்தால், அதாவது பொருளைச் சுற்றிப் பரவியிருக்கும் தாக்கத்தின் வெளியால், நிரப்பினார். மேக்ஸ்வெல் 1865இல் அப்புலத்தின் சமன்பாடுகளை வெளியிட்டு, மாற்றம் ஒளியின் வேகத்தில் பரவுகிறது என்று காட்டினார். ஆகவே சூரியனில் இப்போது ஏதேனும் நேர்ந்தால், 8 நிமிடம் 20 நொடிக்குப் பிறகுதான் அது நமக்கு உறைக்கும்.

குவாண்டம் கோட்பாடு வந்த பின்னர், இடைவினை என்பது சில துகள்களைக் கொடுத்து வாங்குவது என்று சொல்லப்பட்டது. மின்காந்தத்துக்கு ஃபோட்டான், வலுவானதற்குக் குளுவான், வலுக்குறைந்ததற்கு டபிள்யூ, இசட் துகள்கள். கொண்டுசெல்லும் துகளின் நிறை கூடினால் இடைவினை எட்டும் தொலைவு குறையும் என்ற கருத்தை 1935இல் யுகாவா முன்வைத்தார். 1983இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட டபிள்யூ துகள், புரோட்டானைப் போல 85 மடங்குக்கும் மேற்பட்ட நிறை உடையது. வலுக்குறைந்த இடைவினை அணுக்கருவின் அகலத்தைக்கூடத் தாண்டாததற்கு அதுவே காரணம். இருவர் பந்து எறிந்து விளையாடுவதைப் போன்றது என்று இதற்கு உவமை சொல்வார்கள். அவ்வுவமை விலக்கத்தை மட்டுமே விளக்கும். பந்தை எறிந்துகொள்ளும் இருவர் எப்படி நெருங்குவார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால் சொல்வதற்கு விடை இல்லை.

எதனோடும் இடைவினை புரியாத பொருள் உண்டா?

இருந்தால் அதை அறிய வழியில்லை, ஏனென்றால் அளப்பதும் ஓர் இடைவினைதான். மிக நெருங்கி வருவது நியூட்ரினோ என்ற மின்னற்ற நுண்துகள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே, அதாவது ஒரு விரல் நகத்தின் வழியே, பகலென்றும் இரவென்றும் பாராமல் ஊடுருவிச் செல்கின்றன. நகமும் மாறுவதில்லை, நியூட்ரினோவும் மாறுவதில்லை. 1930இல் பவுலி கருத்தளவில் முன்மொழிந்த இத்துகள் 1956இல்தான் கருவியில் சிக்கியது.

மொழிக்குள்ளேயே இடைவினை உண்டா, அல்லது பேசுவோருக்கு இடையில் மட்டுமா?

மொழிக்குள்ளேயே உண்டு, அதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் புணர்ச்சி. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று மாற்றங்கள் நிகழலாம். ‘பொன்’னும் ‘குடம்’ என்பதும் சேர்ந்து ‘பொற்குடம்’ ஆகும்போது ஒரு பக்கம் மட்டுமே திரிகிறது. ‘கல்’லும் ‘தூண்’ என்பதும் சேர்ந்து ‘கற்றூண்’ ஆகும்போது லகரமும் றகரமாகிறது, தகரமும் றகரமாகிறது. இரண்டும் தம் வடிவை விட்டுக்கொடுத்து மூன்றாவது ஒன்றில் போய் நிற்கின்றன. இடைவினை என்பதற்கு ஓர் எழுத்தளவு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதைத்தான் தருவேன். இரண்டும் மாறாமல் சேர்வதை ‘இயல்பு’ என்று இலக்கணம் தனியே பிரித்து வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

பேச்சில் இடைவினை என்பது எதைக் குறிக்கிறது?

பேச்சில் ஒருவர் கூற்றின் பொருள் அடுத்தவர் கூற்றால் உறுதிப்படுகிறது, சில வேளைகளில் மாற்றப்படுகிறது; அதையே ஆய்வாளர்கள் இப்பெயரால் குறிக்கிறார்கள். ‘நடனம் ஆடுவாயா?’ என்று கேட்டவருக்குக் ‘கால் வலிக்கிறது’ என்று விடை வந்தால் அது மறுப்பு. அதே சொற்கள் மருத்துவரிடம் சொல்லப்பட்டால் வெறும் தகவல். நன்னூல் விடைகளை எட்டு வகையாகப் பிரித்தபோது இதை ‘உற்றது உரைத்தல்’ என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டது. சொல்லில் இல்லாத ‘மாட்டேன்’ என்பதைக் கேள்வி அங்கே கொண்டுவந்து வைக்கிறது என்பது அதன் உட்கருத்து. தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே சென்று, ‘வினாவும் செப்பே வினாஎதிர் வரினே’ என்கிறது. ‘வருவாயா?’ என்பதற்கு ‘வராமல் இருப்பேனா?’ என்று பதில் வந்தால், வடிவில் அது வினாவாக இருந்தாலும் நிற்கும் இடத்தால் விடையாகிறது.

பின்னோக்கியும் இது நடக்கும். ‘மணி என்ன தெரியுமா?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘ஒன்பது’ என்றால் அது கேள்வியாகவே இருக்கும். ‘இதோ புறப்பட்டுவிட்டேன்’ என்றால், முன்பு சொல்லப்பட்டது கேள்வியன்று, கண்டிப்பு என்றாகிவிடும். கேட்டவர் அப்படி எண்ணவில்லை என்றால் அடுத்த வாக்கியத்தில் அவர் திருத்தியாக வேண்டும்.

ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெயில் ஜெஃபர்சன் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, யார் எப்போது பேசுவது என்ற முறைமாற்றத்துக்கு ஒழுங்கான விதிகள் உண்டு என்று காட்டியது. 2009இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வொன்றில், கேள்விக்கும் விடைக்கும் இடையே உள்ள மௌனம் பொதுவாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று தெரிந்தது. ஒரு சொல்லை மனத்தில் தேடி வாய்க்குக் கொண்டுவரவே ஏறத்தாழ 0.6 நொடி ஆகும் என்பதால், எதிரில் உள்ளவர் முடிப்பதற்குள்ளேயே கேட்பவர் விடையைத் தொடங்கிவிடுகிறார் என்றுதான் கொள்ள வேண்டும். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. வினைமுற்றை இறுதியில் வைக்கும் மொழிகளில் முற்று வரும்வரை காத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தப் பத்து மொழிகளில் மிகக் குறைந்த இடைவெளி, நம்மைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானியத்தில்தான் காணப்பட்டது.

இந்த மூன்று துறைகளும் ஒரே நிகழ்வில் சந்திக்கும் இடம் உண்டா?

செயற்கைக்கோள் வழியாக நடக்கும் தொலைபேசிப் பேச்சைச் சொல்லலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. குரல் ஏறி இறங்க ஏறத்தாழ கால் நொடி ஆகும், பதில் திரும்பிவர மற்றொரு கால் நொடி. கருவி பழுதில்லை, சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஆனாலும் ‘உடனே அனுப்பிவிடுவீர்களா?’ என்று கேட்டவருக்கு, வழக்கமான ஐந்தில் ஒரு பங்கு நொடிக்கு மேல் அரை நொடி மௌனம் கேட்கிறது. எதிரில் உள்ளவர் தயங்குகிறார் என்று எண்ணி, ‘இல்லையென்றால் நாளைக்கு...’ என்று அவர் தொடங்கும்போது, முன்பே கிளம்பிவிட்ட ‘கண்டிப்பாக’ வந்து மோதுகிறது. இருவரும் நிறுத்துகிறார்கள், இருவரும் மீண்டும் தொடங்குகிறார்கள், மறுபடி மோதல். ஒளியின் வேகத்தால் வந்த தாமதத்தை மனித மனம் தயக்கம் என்று படிக்கிறது.

கணினித் துறையில் ஊடாட்டம் எப்போது தொடங்கியது?

தொடக்கத்தில் ஊடாட்டமே இல்லை. துளையிட்ட அட்டைகளில் நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட முடிவுக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு கமா விடுபட்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியோடு தட்டச்சுக் கருவி வழியாக வேலை செய்யும் நேரப் பகிர்வு முறையை, ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு 1961 நவம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டியது. 1963இல் ஐவன் சதர்லாந்து ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலை உருவாக்கினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட், சுட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுமார் 90 நிமிடம் நடத்திய விளக்கக்காட்சி இத்துறையின் பெருநிகழ்வாகக் கருதப்படுகிறது.

கணினி எவ்வளவு விரைவாகப் பதில் தந்தால் அது ஊடாட்டம்?

ஏறத்தாழ 0.1 நொடிக்குள் பதில் வந்தால் நாமே செய்தது போலத் தோன்றும்; 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது; 10 நொடியைத் தாண்டினால் மனம் வேறெங்கோ போய்விடும். 1968இல் ராபர்ட் மில்லர் முன்வைத்த இவ்வரம்புகள், எந்திரங்கள் பல ஆயிரம் மடங்கு விரைவுபெற்ற பின்னரும் மாறவில்லை. அவை மனிதனின் அளவுகள்.

இதைக் கண்ணெதிரே பார்க்கத் தமிழ்99 விசைப்பலகை போதும். ‘க’ என்ற விசையைத் தட்டினால் திரையில் ககரம் விழுகிறது. அடுத்து ‘ஒ’ விசையைத் தட்டியதும், முன்பே விழுந்த ககரம் நகர்ந்து, அதற்கு முன்னால் ஒற்றைக் கொம்பும் பின்னால் காலும் முளைத்துக் ‘கொ’ ஆகிறது. ககரத்தை இருமுறை தட்டினால் முன்னதன் தலையில் தானே புள்ளி விழுந்து ‘க்க’ என்றாகிறது. பின்னால் வருவது முன்னால் வந்ததை மாற்றி எழுதுகிறது. உரையாடலில் பார்த்த அதே போக்கு. இந்த மாற்றம் அரை நொடி தாமதித்து நடந்தால் நான்கு எழுத்துக்கூடப் பொறுமையாகத் தட்ட முடியாது.

நிரல்கள் தமக்குள் ஊடாடுவதும் இதே பொருளில்தானா?

அங்கே ‘இடைவினை’ என்ற சொல்லே பொருத்தம் என்பது என் கருத்து, ஏனென்றால் யாரும் எண்ணாத விளைவுகள் அங்கேதான் பிறக்கின்றன. இரண்டு நிரல்கள் ஒரே எண்ணிக்கையோடு தலைக்கு ஒன்று கூட்ட வேண்டும் என்று கொள்வோம். முதலாவது 7 என்று படிக்கிறது; அது எழுதி முடிப்பதற்குள் இரண்டாவதும் 7 என்று படிக்கிறது; இரண்டும் 8 என்று எழுதுகின்றன. வர வேண்டியது 9. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை. பிழை இடையில் இருக்கிறது. இத்தகையவற்றை ஆராய ராபின் மில்னர் 1980இல் ஒரு கணிதமுறையை வகுத்தார். அதில் நினைவகத்தில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடமாகிய மாறிகூட, எழுது என்றும் படி என்றும் வரும் செய்திகளுக்கு விடைதரும் ஒரு செயல்முறையாகவே நடத்தப்படுகிறது.

ஊடாட்டத்தால் கணிதச் சான்றின் இயல்பே மாறியதும் உண்டு. இரண்டு பந்துகள் வெவ்வேறு நிறம் என்பதை, அந்நிறங்களைப் பிரித்தறிய இயலாத ஒருவருக்கு எப்படி மெய்ப்பிப்பது? அவர் பந்துகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மாற்றியோ மாற்றாமலோ மீண்டும் நீட்டட்டும். மாற்றினாரா இல்லையா என்று, நிறங்களைப் பிரித்தறியும் மற்றவர் சொல்லட்டும். இருபது முறையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. நிறம் இன்னதென்று கடைசிவரை தெரியாமலே அவர் நம்பிவிடுகிறார். கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் ஆகியோர் 1985இல் முன்வைத்த ஊடாட்டச் சான்றுமுறையின் உட்பொருள் இதுதான்.

கணினியோடு பேசுவது உரையாடல் ஆகுமா?

1966இல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட ‘எலைசா’ நிரல், எதிரில் உள்ளவரின் சொற்களையே கேள்வியாகத் திருப்பிப் போட்டது. பலர் அதனிடம் மனம்விட்டுப் பேசியது அவரையே திடுக்கிட வைத்தது. இன்றைய மொழி மாதிரிகள் அதுவரை நடந்த பேச்சு முழுவதையும் கணக்கில் கொண்டு அடுத்த சொல்லைக் கணிக்கின்றன. ஆகவே முறைமாற்றமும் முன்பின் உறவும் அங்கே உண்டு. ஆனால் மாதிரி பயிற்சியில் பெற்ற, அதன் கணிப்பைத் தீர்மானிக்கும் உள்ளெண்கள் அப்பேச்சினால் பொதுவாக மாறுவதில்லை. பேச்சின் பதிவு வளர்கிறது, பேசியவர் மனம் மாறக்கூடும், மாதிரி அப்படியே இருக்கிறது. என் சோதனையில் இது பாதித் தேர்ச்சி பெறும்.

புள்ளியியலில் சொல்லப்படும் ‘இடைவினை விளைவு’ இவற்றுள் எதைச் சேர்ந்தது?

எதையும் சேர்ந்ததன்று, என் சோதனைக்குக் கட்டுப்படாத ஒரே இடம் அது. நீர் மட்டும் கூடினால் விளைச்சல் சிறிது கூடுகிறது, உரம் மட்டும் கூடினால் சிறிது கூடுகிறது, இரண்டும் சேர்ந்தால் அந்த இரண்டு சிறிதையும் கூட்டினால் வருவதைவிட மிகுதியாகக் கூடுகிறது என்றால், நீருக்கும் உரத்துக்கும் இடைவினை உண்டு என்பார்கள். நீர் உரத்தை மாற்றியதா, உரம் நீரை மாற்றியதா என்று அங்கே கேட்பதில்லை. ஒன்றன் விளைவு மற்றொன்றின் அளவைப் பொறுத்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். புள்ளியியல் கட்டுரையை மொழிபெயர்ப்பவர் ‘நீரும் உரமும் ஊடாடுகின்றன’ என்று எழுதாமல், ‘உரத்தின் பயன் நீரின் அளவைப் பொறுத்து மாறுகிறது’ என்று விரித்தே எழுதிவிடலாம்.